பவளத் துண்டுகளை ஒட்டுதல்

பவளத் துண்டுகளை ஒட்டுதல் என்பது உயிருள்ள பவளத்தின் ஒரு துண்டைப் பாறை, பீங்கான் வில்லை, சிமெண்ட் பலகை போன்ற உறுதியான தளம் ஒன்றில் அசையாமல் நிலைநிறுத்தும் முறை ஆகும். பவளம் இலங்கைத் தமிழில் முருகைக்கல் எனவும் வழங்கப்படுகிறது. கடல்நீர்த் தொட்டிகளில் பவளம் வளர்ப்போரும், சிதைந்த பவளப்பாறைகளை மீட்டெடுக்கும் ஆய்வாளர்களும் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவில் 2002 ஆம் ஆண்டு முதல் பவளத் துண்டுகளைத் தளங்களில் பொருத்தி வளர்க்கும் பணி நடைபெற்று வருகிறது.

இம்முறையில் ஒட்டுபசையின் பணி தற்காலிகமானது. பவளம் தானே தளத்தைப் பற்றிக்கொள்ளும் வரை துண்டை அசையவிடாமல் வைத்திருப்பதே அதன் வேலை. எந்தப் பசை சிறந்தது என்பதை இந்த அடிப்படையிலேயே தீர்மானிக்க வேண்டும்.

பவளம் பற்றிக்கொள்ளும் விதம்

பவளம் என்பது மொட்டுயிரிகள் எனப்படும் சிறிய விலங்குகளின் கூட்டம் ஆகும். கல் பவளங்களின் மொட்டுயிரிகள் கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு தமக்கடியில் சுண்ணாம்புக் கூட்டை உருவாக்குகின்றன. புயலில் ஒடிந்து விழுந்த கிளை ஒன்று அசையாத இடத்தில் தங்கிவிட்டால், அதன் திசு அடித்தளத்தின் மீது படர்ந்து புதிய சுண்ணாம்பை இட்டுத் தன்னைப் பிணைத்துக்கொள்ளும். மான்கொம்புப் பவளங்கள் இயற்கையில் பெருகும் வழிகளுள் இதுவும் ஒன்று.

துண்டு அலையில் உருண்டுகொண்டே இருந்தால் இது நடைபெறாது. உராய்வினால் திசு கிழியும். மணலில் புதைந்தால் ஒளி கிடைக்காது. திசுவினுள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் தரும் உணவையே பெரும்பாலான பாறை உருவாக்கும் பவளங்கள் சார்ந்துள்ளன. எனவே ஒளி குறைந்தால் பவளம் நலியும்.

ஒட்டுபசை வகைகள்

சயனோஅக்ரிலேட்: இது 'பெவிக்விக்' போன்ற வணிகப் பெயர்களில் நன்கு அறியப்பட்ட விரைவுப் பசை. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி கூவர் குழுவினர் 1942 ஆம் ஆண்டு இச்சேர்மத்தைக் கண்டனர். எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டதால் அப்போது இது பயனற்றதெனக் கைவிடப்பட்டது. 1951 ஆம் ஆண்டு இதன் பயன் உணரப்பட்டு, 1958 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது.

இப்பசை உலர்வதால் இறுகுவதில்லை. நீரின் சிறு அளவே இதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாக இணைத்துப் பலபடி ஆக்கிவிடும். ஈரமான பவளத்திலும் இது ஒட்டுவதற்கு இதுவே காரணம். ஆனால் நீர்த்த வகையை நீருக்குள் விட்டால், ஒட்டுவதற்கு முன்பே வெண்படலமாக உறைந்து மிதக்கும். ஆகவே பவளத்துக்குக் கூழ் வடிவப் பசையே ஏற்றது. அதன் வெளிப்புறம் மட்டும் உடனே தோலாக இறுகும்; உட்புறம் சிறிது நேரம் இளகியே இருக்கும். இறுகிய பசை நொறுங்கும் தன்மை உடையது. பக்கவாட்டில் அடி விழுந்தால் எளிதில் விட்டுவிடும்.

எப்பாக்சிக் களிம்பு: பிசின், இறுக்கி ஆகிய இரு பகுதிகளைக் கையால் பிசைந்து பயன்படுத்தும் களிம்பு இது. நீருக்கடியிலும் இறுகும். இடைவெளிகளை நிரப்பி, கனமான துண்டுகளைத் தாங்கக்கூடியது. எனினும் வழுக்கும் ஈரப் பரப்பில் இது நன்றாக ஒட்டாது. பாறையின் குழிகளில் அழுந்திப் பிடிப்பதாலேயே வலுப்பெறுகிறது. இறுகும்போது வெளியாகும் பொருட்கள் சிறிய தொட்டிகளில் நீரின் தரத்தைப் பாதிப்பதோடு, நுரைபிரிப்பானை அளவுக்கு மீறி நுரைக்கச் செய்வதும் உண்டு. குழாய் ஒழுக்கை அடைக்கும் பொதுவகைக் களிம்புகளில் வேறு சேர்க்கைகள் இருக்கக்கூடும் என்பதால், கடல்நீர்த் தொட்டிக்கு உரியது எனக் குறிக்கப்பட்டவற்றையே தேர்ந்தெடுத்தல் நன்று.

சிமெண்ட்: மலிவானது, நீடித்து உழைப்பது, சுண்ணாம்புப் பாறையை ஒத்த பரப்பை அளிப்பது. ஆனால் புதிய சிமெண்டிலிருந்து கசியும் கால்சியம் ஐதராக்சைடு நீரின் காரத்தன்மையை உயர்த்தும். பரந்த கடலில் இது விரைவில் கலைந்துவிடும். தொட்டியில் உயிர்களைக் கொல்லக்கூடும். எனவே தொட்டிக்கான சிமெண்ட் தளங்களைப் பல வாரங்கள் நீர் மாற்றி ஊறவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

சிலிக்கோன்: கண்ணாடித் தொட்டிகளின் மூட்டுகளை அடைக்க இது உதவுகிறது. உலர்ந்த பரப்பும் நீண்ட நேரமும் தேவைப்படுவதால் உயிருள்ள பவளத்தை ஒட்ட ஏற்றதன்று. இதன் பொதுவான வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது.

ஒட்டும் முறை

சிறிய துண்டுகளுக்குக் கூழ்ப் பசை மட்டும் போதுமானது. கனமான அல்லது கிளைத்த துண்டுகளுக்குக் கூழ்ப் பசை, களிம்பு, மீண்டும் கூழ்ப் பசை என மூன்று அடுக்காக இடுவது வழக்கம். இதில் பசை ஈரப் பரப்புகளைப் பற்றுகிறது. களிம்பு இடைவெளியை நிரப்பி எடையைத் தாங்குகிறது.

1. தளத்தில் உள்ள பாசியையும் வண்டலையும் தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். பசை பாசியின் மீது ஒட்டினால், பாசி உரியும்போது துண்டும் விழுந்துவிடும்.
2. பசை இடுவதற்கு முன்பே துண்டை வைத்துப் பார்த்து, சாயாமல் நிற்கும் நிலையைக் கண்டறிய வேண்டும்.
3. துண்டை நீரிலிருந்து எடுத்து, திசு இல்லாத அடிப்பகுதியை மட்டும் துணியால் ஒற்றி, பசை இட வேண்டும்.
4. நீருக்குள் தளத்தில் வைத்து, சிறிது திருகியவாறு அழுத்த வேண்டும். திருகும்போது மேல்தோல் உடைந்து, உள்ளிருக்கும் பசை தளத்தைத் தொடும்.
5. பசை பிடிக்கும் வரை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். களிம்பு முழுவதும் இறுகும் வரை நீரோட்டத்தைக் குறைத்து வைப்பது நல்லது.

பசை உயிருள்ள திசுவின் மீது படிந்தால் அப்பகுதி மடியும். எனவே தேவையான அளவு மட்டுமே இட வேண்டும். அடிப்பகுதியைச் சுற்றிப் புதிய திசு விளிம்பு படரத் தொடங்குவதே ஒட்டுதல் வெற்றி பெற்றதன் அடையாளம் ஆகும்.

ஒட்டக்கூடாதவை

எல்லாப் பவளங்களையும் ஒட்ட வேண்டியதில்லை. முதிர்ந்த காளான் பவளங்கள் கடலடியில் தனித்துக் கிடந்து வாழ்பவை. மென்பவளங்கள் சளியைச் சுரப்பதால் பசை அவற்றில் நிற்காது. அவற்றைச் சிறு கற்கள் நிறைந்த கிண்ணத்தில் இட்டு, மேலே வலை கட்டி, தாமாகப் பற்றிக்கொள்ளும் வரை விடுவர்.

பாதுகாப்பு

சயனோஅக்ரிலேட் தோலை நொடியில் ஒட்டிவிடும். பருத்தித் துணியில் மிகுதியாகப் பட்டால் தீப்புண் உண்டாக்கும் அளவு வெப்பம் வெளியாகலாம். ஆகவே பருத்திக் கையுறை அணியக்கூடாது. எப்பாக்சியின் இறுக்கி தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியது. பவள உறவினங்களான சோவாந்திட் உயிரிகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நச்சு உள்ளது. அவற்றை வெட்டும்போது கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம் தேவை.

மன்னார் வளைகுடாவில் பவள மீட்பு

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் அமைந்துள்ளன. இப்பகுதி 1986 ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989 ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் பல்லாண்டுகள் பவளம் தோண்டப்பட்டதால் பாறைகள் பெரிதும் சிதைந்தன. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. 2010, 2016 ஆம் ஆண்டுகளில் நீர் வெப்பம் உயர்ந்தபோது பவளங்கள் வெளிறி, பல மடிந்தன.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் இங்கு மீட்புப் பணியை மேற்கொண்டு வருகிறது. பவளத் துண்டுகள் சிமெண்ட் பலகைகளில் கட்டப்பட்டு, கடலடியில் உள்ள கான்கிரீட் சட்டங்களின் மேல் வைக்கப்படுகின்றன. இங்குப் பசைக்குப் பதிலாகக் கயிறு பயன்பட்டாலும் தத்துவம் ஒன்றே: பவளம் பலகையின் மீது படர்ந்த பின்னர்க் கயிற்றுக்கு வேலை இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் மீட்பாளர்கள் இதே பணிக்கு எப்பாக்சியைப் பயன்படுத்துகின்றனர். அங்குள்ள மோட் கடல் ஆய்வகத்தில், ஒரே பவளத்தின் மிகச் சிறு துண்டுகளை அருகருகே ஒட்டினால் அவை ஒன்றோடொன்று இணைந்து விரைவில் பெரும் பரப்பை மூடும் என்பது கண்டறியப்பட்டது.

சட்டநிலை

இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் கல் பவளங்கள், கருப்புப் பவளங்கள், நெருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியன 2001 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம் ஆகும். இதற்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். கரையில் கிடக்கும் இறந்த பவளக் கூட்டுக்கும் இத்தடை பொருந்தும். மன்னார் வளைகுடாவில் நடைபெறும் மீட்புப் பணிகளும் அரசின் அனுமதியுடனேயே மேற்கொள்ளப்படுகின்றன. எனவே தொட்டிக்காகக் கடலில் ஒரு கிளையை ஒடிப்பவர், எவ்வளவு நல்ல பசையைக் கொண்டு அதை ஒட்டினாலும், சட்டத்தை மீறுபவரே ஆவார்.