நாடாவின் துளை: மும்பை ஆலைப்பகுதியும் தலித் தொழிலாளர் வாழ்வும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொழிற்சங்க வரலாற்றைப் பற்றி யார் எவ்வளவு நேரம் பேசினாலும், கடைசியில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அதெல்லாம் சரி, அவங்க எந்தப் பானையில தண்ணி குடிச்சாங்க?" கூட்டம் சிரிக்கும். பேசியவர் பதில் தேடுவார். இன்றைய உரையை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். எடுத்துக்கொண்ட இடம் மும்பை. பஞ்சாலைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் அன்றாடம் எப்படி வாழ்ந்தார்கள், அந்த வாழ்வில் சாதி எங்கே உட்கார்ந்திருந்தது, அதை எதிர்க்கும் பலம் எங்கிருந்து வந்தது என்பவையே நம் முன்னுள்ள கேள்விகள்.

நெசவுப் பகுதியின் கதவு

மும்பையில் முதல் பஞ்சாலை 1856இல் தார்தேவில் ஓடத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் பரேல், லால்பாக், வொர்லி, நாய்காவ், சிவ்ரி என ஒரு பெரும் பகுதியே ஆலைகளைச் சுற்றி எழுந்தது. மராத்தியில் அதற்குக் கிரண்காவ் என்று பெயர். ஆலையூர் என்று பொருள். கொங்கண் கடற்கரையிலிருந்தும் சாத்தாரா, அகமதுநகர் போன்ற தக்காண மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அங்கே வந்தார்கள். நிலமற்ற மகர் சாதி மக்களும் அவர்களோடு வந்தார்கள். ஊரில் செத்த மாட்டைத் தூக்குவதும், காவல் காப்பதும், ஊர்க்காரர்கள் போடும் சோற்றுக்குக் காத்திருப்பதும் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கடமைகள். ஆலையில் வேலைக்குக் கூலி உண்டு; கூலிக்குக் கணக்கு உண்டு. அந்த வேறுபாட்டுக்காகவே அவர்கள் ஊரை விட்டார்கள்.

இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் மும்பை ஆலைகளில் நெசவுப் பகுதி தலித்துகளுக்கு மூடப்பட்டிருந்தது. காரணம் மிகச் சிறியது. தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுவது நாடா. நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்துவிட்டால், நெசவாளி புதிய தாரைப் போட்டு, நூல்முனையை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். கையால் இழுக்க நேரமாகும். துளையில் வாயை வைத்து உறிஞ்சினால் நூல் நொடியில் வந்துவிடும். ஒரு நாளில் எத்தனையோ முறை இது நடக்கும். ஒரே நாடாவில் இன்று ஒருவர் வாய் வைப்பார், நாளை இன்னொருவர் வைப்பார். தலித் தொழிலாளி வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். எச்சில் என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் எவ்வளவு கனம் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நெசவுப் பகுதியில்தான் கூலி அதிகம். தலித்துகளுக்குக் கிடைத்தது ரிங் பிரேம் போன்ற நூற்புப் பிரிவுகளும், அடிமட்ட வேலைகளும். ஒரு துளையளவு தீண்டாமை, மாதாமாதம் சம்பளக் கவரில் வெட்டாக விழுந்தது. குடிதண்ணீர்ப் பானையும் தனி. தோழர் கேட்ட கேள்விக்கு மும்பை ஆலை சொல்லும் பதில் இதுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயால் உறிஞ்சுவது தொழிலாளியின் நுரையீரலுக்கும் கேடு. கையால் நூல் கோக்கும் நாடாவைக் கேட்டிருந்தால் எல்லாருடைய உடல்நலமும் காக்கப்பட்டிருக்கும். தீட்டுக்குச் சொன்ன சாக்கும் போயிருக்கும். அந்த வழியில் யோசிப்பதைவிட, கதவைச் சாத்துவது எளிதாக இருந்தது.

1928: கோரிக்கைப் பட்டியலில் ஓர் இடம்

1928 ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை, சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் மும்பையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்யூனிஸ்டுகள் முன்னின்ற கிர்ணி காம்கார் சங்கம் அந்தப் போராட்டத்தில்தான் வளர்ந்தது. வேலைநிறுத்தக் குழு 17 கோரிக்கைகளை முன்வைத்தது. நெசவுப் பகுதியைத் தலித்துகளுக்குத் திறப்பதும் தொழிலாளர் கோரிக்கையாக வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். இல்லாவிட்டால் தலித் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்று சொல்லவும் அவர் தயாராக இருந்தார். தலைவர்கள் தயங்கித்தான் ஏற்றுக்கொண்டார்கள். முதலாளிகளோ, இது அநீதி என்றாலும் அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கைகழுவினார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு கசப்பான உண்மை இருந்தது. கதவைச் சாத்தியவர்கள் சக தொழிலாளர்கள்.

1929இல் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது அம்பேத்கர் அதை எதிர்த்தார். மாதக்கணக்கில் வேலையின்றிக் கடனில் மூழ்கிய தலித் குடும்பங்கள் இன்னொரு நீண்ட வேலைநிறுத்தத்தைத் தாங்காது என்பது அவர் நிலை. இதை மட்டும் எடுத்து அவரைத் தொழிலாளர் விரோதி என்று சொன்னவர்கள் உண்டு. 1936இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியதையும், 1938 நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தே வேலைநிறுத்தம் நடத்தியதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்ற அவருடைய வாதத்துக்குப் பின்னால் நெசவுப் பகுதியின் அந்தக் கதவும் நின்றது என்றே நாம் கருதுகிறோம்.

ஒற்றை அறை

அம்பேத்கருக்கு ஆலைப்பகுதி வெளியிலிருந்து படித்தறிந்த இடமன்று. பள்ளி மாணவராகப் பரேலில் டபக் சால் என்ற குடியிருப்பின் ஒற்றை அறையில் தந்தையோடு வாழ்ந்தவர் அவர். பாத்திரங்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் நிறைந்த அறை. அதற்குள்ளேயே ஓர் ஆடும் ஓர் ஆட்டுக்கல்லும். பையன் முன்னிரவில் தூங்குவார். அதிகாலை இரண்டு மணிக்குத் தந்தை ராம்ஜி எழுப்பிவிடுவார். ஊர் உறங்கும் நேரத்தில்தான் படிக்க இடமும் அமைதியும் கிடைத்தன. பின்னர் பரேலில் பி.ஐ.டி. சால் அறைகளில் 1934 வரை அவர் குடும்பம் வாழ்ந்தது. மகாத் போராட்டத்தின்போதும் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோதும் அவர் வீட்டு முகவரி அதுதான்.

சால் என்பது நீண்ட தாழ்வாரமும், அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகளும், பொதுக் கழிப்பறையும் கொண்ட பலமாடிக் கட்டடம். 1920களில் அரசின் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய பி.டி.டி. சால்கள் இன்றும் பெயர்பெற்றவை. ஒரு கட்டடத்தில் நான்கு தளங்கள், 80 அறைகள். ஓர் அறை சுமார் 160 சதுர அடி. அந்த 160 சதுர அடியில் ஒரு குடும்பமும், ஊரிலிருந்து வந்த தம்பியும், தம்பியோடு வந்த கூட்டாளியும் இருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், பகல் ஷிப்டுக்குப் போனவர் எழுந்த பாயில் படுப்பார். ஆலைச் சங்குதான் எல்லா வீட்டுக்கும் கடிகாரம்.

வேலை வாங்கித் தருபவர் மேஸ்திரி. ஜாபர் என்று அழைக்கப்பட்ட அவர் தன் ஊர், தன் சாதி ஆட்களையே சேர்ப்பார். பதிலித் தொழிலாளிகள் காலையில் வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஆகவே சாலிலும் ஊரும் சாதியும் சேர்ந்தே குடியேறின. இன்ன கட்டடம் மகர்களுடையது, இன்ன கட்டடம் மராத்தாக்களுடையது என்று எழுதாத பலகை தொங்கியது. சேரி மாடியேறியது என்று சொன்னால் மிகையாகாது.

அடுப்பும் குழாயும்

தனியாக வந்த ஆண்களுக்குச் சோறு போட்டவர்கள் பெண்கள். தங்கள் அறையிலேயே பத்துப் பேர், இருபது பேருக்கு மாதக்கணக்கில் சமைத்துப்போட்டார்கள். கானாவள் என்று பெயர். ஆலையில் தறி வேலைநிறுத்தத்தில் நிற்கும், அடுப்பு நிற்காது. வேலைநிறுத்த நாட்களில் கடனுக்குச் சோறு போட்டு இயக்கத்தைத் தாங்கியவர்கள் இவர்களே. 1975இல் பிரேமா புரவ் இவர்களை அன்னபூர்ணா மகிளா மண்டலாகத் திரட்டும்வரை, இந்த உழைப்பை உழைப்பு என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் சோற்றுக்கும் சாதி உண்டு. யார் கையால் சமைத்ததை யார் உண்பார் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், தலித் பெண்ணின் அடுப்புக்கு வாடிக்கை எவ்வளவு குறுகியிருக்கும் என்று புரியும்.

பெண்கள் ஆலைக்குள்ளும் இருந்தார்கள். நூல் சுற்றும் பிரிவுகளில் அவர்கள் எண்ணிக்கை கணிசம். 1929இல் பம்பாய் மகப்பேறு நலச் சட்டம் வந்த பிறகு, செலவைத் தவிர்க்க முதலாளிகள் பெண்களைக் குறைத்தார்கள். உரிமை தந்த சட்டத்தைச் சாக்காக்கி வேலையைப் பறித்தது அது. வெளியேறிய பெண்கள் வீட்டு வேலை, காய்கறிக் கூடை, கானாவள் என்று சிதறினார்கள். சங்கத்தின் பதிவேட்டிலிருந்தும் அவர்கள் பெயர்கள் மறைந்தன.

முற்றம் ஒரு மேடை

நெருக்கடியை மட்டும் சொன்னால் அந்த மக்களுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். அறை சிறியதாக இருந்ததால் வாழ்வு தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் வந்தது. ஒருவர் செய்தித்தாள் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். பஜனைக் குழுக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் கபடிக் குழுக்களும் எழுந்தன. அம்பேத்கரின் செய்தியைப் பாட்டும் நாடகமுமாக எடுத்துச் சென்ற ஜல்சாக் குழுக்கள், எழுத்தறியாத தொழிலாளிக்கும் அரசியல் கற்றுக்கொடுத்தன. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபைக்கான கூட்டம் நடந்தது பரேலின் தாமோதர் அரங்கில்தான். சங்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் அந்த இயக்கம் பிறந்தது.

இலக்கியமும் இங்கிருந்தே வந்தது. மாங் சாதியில் பிறந்து, சிறு வயதில் ஊரிலிருந்து நடந்தே மும்பை வந்த அண்ணாபாவு சாத்தே ஆலையில் வேலை செய்தவர். செங்கொடிக் கலைக்குழுவில் பாடியவர். பாபுராவ் பாகுல் 1963இல் வெளியிட்ட முதல் கதைத் தொகுப்பின் தலைப்பே, நகரத்தில் சாதியை மறைத்து வாழ்வதைப் பற்றியது. வாடகைக்கு அறை கேட்கும்போது சாதியை மறைக்க நேர்ந்த நம் மாணவர்கள் அந்தத் தலைப்பை விளக்கமின்றிப் புரிந்துகொள்வார்கள். 1972இல் தலித் பேந்தர் இயக்கம் எழுந்தபோது சால்களின் இளைஞர்கள் அதன் பின்னால் திரண்டார்கள். 1974 ஜனவரியில் வொர்லி பி.டி.டி. சால்களில் கலவரம் வெடித்தது. ஜனவரி 10 அன்று பேந்தர் பேரணியின் மேல் எறியப்பட்ட கல் பகவத் ஜாதவின் உயிரைக் குடித்தது. அடுத்தடுத்த கட்டடங்களில் வாழ்ந்து, ஒரே சங்குக்கு எழுந்தவர்களுக்கிடையில் அது நடந்தது.

சங்கு ஓய்ந்த பிறகு

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடிவுக்கு வரவேயில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கும் ஒரு பங்கு வீட்டு வசதிக்கும் என்று 1991இல் விதி வந்தது. 2001இல் அதைக் காலி மனைக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்று லோயர் பரேலில் ஆலை நின்ற இடத்தில் வணிக வளாகம் நிற்கிறது. புகைபோக்கிகள் சிலவற்றை அழகுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன?

1921இல் பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிக் கடந்துபோவது எளிது. பெரும்பான்மைத் தொழிலாளர் அவர்களை அதற்கு முன் எப்படி நடத்தினார்கள், அவர்களின் எந்தக் கோரிக்கை சங்கத்தின் பட்டியலில் இருந்தது என்று கேட்காமல் அந்த வரலாறு முழுமையாகாது. மும்பையின் நாடா நமக்குக் கற்றுத்தருவது இந்தக் கேள்வியைத்தான்.

இன்னொன்றும் உண்டு. இன்று நம் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் வேலை செய்யும் இளம்பெண்களில் தலித்துகள் ஏராளம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி அழைத்துவந்தார்கள். தங்குவது ஆலை வளாகத்துக்குள் விடுதி. வெளியே போக அனுமதி வேண்டும். உறவினர் வரவும் நேரம் உண்டு. சால் நெருக்கடியானது, சாதி பிரித்தது. ஆனால் அங்கே முற்றம் இருந்தது, பத்திரிகை வந்தது, பாட்டு வந்தது, சங்கக்காரர் படியேறி வந்தார். விடுதியில் படுக்க இடம் உண்டு, முற்றம் இல்லை. தொழிலாளிகள் ஒரு சமூகமாகத் திரள்வதைத் தடுப்பதே அந்தச் சுற்றுச்சுவரின் வேலை.

எனவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஆலையில் வேலை பார்த்துத் திரும்பிய அக்காவோ அத்தையோ சித்தியோ இருப்பார். சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். அறையில் யார் யாரோடு படுத்தார்கள், யார் தட்டில் யார் சாப்பிட்டார்கள், எந்தப் பிரிவில் யாரை விட்டார்கள், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தோழர் கேட்ட கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்: எந்தப் பானையில தண்ணி குடிச்சீங்க?

ஜெய்பீம்.