'18 வயசு ஆச்சா?' - கேட்பதோடு சரி!

"ஸார், எங்க வீட்டுப் பையனுக்குப் பதிமூணு வயசு. லீவு நாள்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கதை மாதிரி ஏதோ ஒரு கேம்ஸ் விளையாடறான். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. பொம்மைப் பொண்ணுங்க பேசறாங்க, இவன் பதிலைத் தட்டறான். பரவாயில்லையே, வாசிக்கிற பழக்கம் வருதேன்னு சந்தோஷப்பட்டேன். போன வாரம் பால் கொண்டு போனேன் பாருங்க... திரையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டேன். இதையெல்லாம் யார் ஸார் செய்யறாங்க? சின்னப் பசங்க கைக்கு எப்படி வருது?"

பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்வி இது. வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். அதனால் நாம் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசிவிடுவோம்.

யார் செய்கிறார்கள்?

'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற முத்திரையோடு வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது பெரிய கம்பெனிகள் அல்ல. தனி ஒருவர், அல்லது இரண்டு மூன்று நண்பர்கள். ஒருவர் படம் வரைவார், ஒருவர் கதை எழுதுவார். அதை விளையாட்டாகக் கோக்க 'ரென்பை' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரென்பை 2004-லிருந்து இருக்கிறது. அதில் நல்ல கதைகளும் வருகின்றன, மற்றதும் வருகிறது. கத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை அல்லவா?

பெரிய கம்பெனிகள் ஏன் இதைத் தொடுவதில்லை? அமெரிக்காவில் 1994-ல் விளையாட்டுகளுக்குத் தரச் சான்று தர ஓர் அமைப்பு வந்தது. நம் ஊர் 'யு', 'ஏ' சர்ட்டிபிகேட் மாதிரி. அதில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று முத்திரை விழுந்தால் பெரிய கடைகள் வாங்கி வைக்காது. 2005-ல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' என்ற பிரபல விளையாட்டுக்குள் ஒரு படுக்கையறைக் காட்சி மறைந்திருந்தது தெரிந்து, அந்த முத்திரை குத்தப்பட்டது. கடைகள் உடனே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. கோடிக்கணக்கில் பணம் போட்டவர்கள் இப்படி ரிஸ்க் எடுப்பார்களா? தனி ஆளுக்கு அந்தப் பயம் இல்லை. அவர் கடையை நம்பி இல்லை. நேரே இன்டர்நெட்டில் விற்கிறார்.

எப்படி விற்கிறார்கள்?

'ஸ்டீம்' என்பது கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கான பெரிய இன்டர்நெட் கடை. ரூபாயிலும் விலை போட்டு விற்கிறார்கள். 100 டாலர் கட்டினால் யாரும் தங்கள் விளையாட்டை அங்கே விற்பனைக்குக் கொடுக்கலாம். விற்கும் பணத்தில் சுமார் 30 சதவிகிதம் கடைக்கு. 2018-ல் அந்தக் கடை ஒரு முடிவெடுத்தது: சட்டவிரோதமானதும் வேண்டுமென்றே வம்புக்கு வருவதும் தவிர, மற்றதை விற்கலாம். வெட்டில்லாத வயது வந்தோர் விளையாட்டுகள் அந்த வருடமே அங்கே நுழைந்தன.

'இட்ச்' என்று இன்னொரு கடை. 2013-ல் ஆரம்பித்தது. கடைக்கு எத்தனை சதவிகிதம் என்பதை விற்பவரே தீர்மானிக்கலாம். இலவசமாகவும் கொடுக்கலாம். பலர் முதல் அத்தியாயத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்தவர்களிடம் மாதச் சந்தா வாங்குகிறார்கள். இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். "கார்டு என்கிட்டதானே இருக்கு, பணம் போகலையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. இலவசத்துக்கு பில் வருமா?

டிக்கெட் கிழிப்பவர் எங்கே?

அந்தக் காலத்தில் தியேட்டரில் 'ஏ' படம் ஓடினால், டிக்கெட் கிழிப்பவர் மீசையைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால், "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா தம்பி!" என்பார். கம்ப்யூட்டரில் அந்த ஆள் இல்லை. பிறந்த தேதி கேட்பார்கள். 1980 என்று தட்டினால் கதவு திறந்துவிடும். பல இடங்களில் அதுகூட இல்லை, 'ஆம்' என்றொரு பட்டன். அவ்வளவுதான்!

இது இன்று நேற்று வந்த ஓட்டை இல்லை. 1987-ல் அமெரிக்காவில் 'லெஷர் சூட் லாரி' என்று அசட்டுத்தனமான விளையாட்டு ஒன்று வந்தது. அதை ஆரம்பித்தால் முதலில் பொது அறிவுக் கேள்விகள் வரும். பெரியவர்களுக்குத்தான் விடை தெரியும் என்று நினைத்தார்கள். பசங்க என்ன செய்தார்கள்? அப்பாவிடம் பாடம் கேட்பது போல விடையைக் கேட்டுக்கொண்டார்கள். கீபோர்டில் சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் கேள்வியே இல்லாமல் உள்ளே போகலாம் என்பதும் பிறகு பரவிவிட்டது.

ஜப்பானிலும் இதே கதை. 1991-ல் பள்ளி மாணவன் ஒருவன் இப்படி ஒரு விளையாட்டைக் கடையில் திருடி அகப்பட்டான். விவகாரம் போலீஸ், பத்திரிகை என்று பெரிதாகி, 1992-ல் தயாரிப்பாளர்களே சேர்ந்து நெறிமுறை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். கதவு வைத்தது, பையன் உள்ளே போன பிறகு!

சமீபத்திய கதையைக் கேளுங்கள். 2025 ஜூலையில், பலாத்காரத்தைக் காட்டும் விளையாட்டுகளை எதிர்த்து ஓர் ஆஸ்திரேலிய அமைப்பு பணப் பரிமாற்றக் கம்பெனிகளுக்கு நெருக்கடி கொடுத்தது. ஸ்டீம் பல விளையாட்டுகளை நீக்கியது. இட்ச், வயது வந்தோர் விளையாட்டுகளைத் தேடினால் கிடைக்காதபடி ஒரே நாளில் மறைத்தது. நோய், காதல், மனவேதனை என்று நாணயமாகக் கதை சொன்னவர்களும் மாட்டிக்கொண்டு, "எங்கள் பிழைப்பு போச்சே" என்று முறையிட்டார்கள். அந்த வாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் கவனியுங்கள்... எதை விற்கலாம் என்பதுதான் சண்டை. வாங்குகிறவன் வயது என்ன என்பது அங்கே பேச்சே இல்லை.

அதைக் கேட்டது இங்கிலாந்து சட்டம். 2025 ஜூலை முதல் அங்கே வயதைச் சரிபார்க்க வேண்டும். அங்கே ஸ்டீமில் இந்தப் பக்கங்களைப் பார்க்கக் கணக்கில் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். அந்த ஊரில் 18 வயது ஆகாமல் கிரெடிட் கார்டு கிடையாது. வீட்டில் அப்பாவின் கார்டு ஏற்கெனவே அந்தக் கணக்கில் ஏறியிருந்தால்? அந்தப் பூட்டும் திறந்த மாதிரிதான்!

'அடல்ட்' என்றால் அது மட்டுமா?

இன்னொரு விஷயம். 2017-ல் வந்த 'டோகி டோகி லிட்டரேச்சர் க்ளப்' என்ற இலவச விளையாட்டில் ஆபாசம் கிடையாது. பள்ளிக்கூடப் பெண்கள், கவிதை, சிரிப்பு என்றுதான் ஆரம்பிக்கும். போகப் போக மனச்சோர்வு, தற்கொலை என்று திகிலாக மாறும். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அதுவே எச்சரிக்கிறது. அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கம்ப்யூட்டரைப் பையனின் அறையில் வைக்காதீர்கள். கூடத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில் இருக்கட்டும்.

* ஸ்டீமில் குடும்பக் கணக்கு வசதி இலவசம். பிள்ளையைக் 'குழந்தை' என்று பதிவு செய்தால், எதை விளையாடலாம், எத்தனை நேரம் என்று நீங்களே வரம்பு வைக்கலாம். உங்கள் கணக்கை அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

* ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' உண்டு. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் ஏற்ற முடியாதபடி அதில் தடுக்கலாம். இந்த விளையாட்டுகள் போனுக்கு வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

* கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள்.

* பார்த்துவிட்டால் அடிக்காதீர்கள், அவமானப்படுத்தாதீர்கள். அந்த வயதில் ஆர்வம் வருவது நோய் அல்ல. "இதுல காட்டறது நிஜம் இல்லைப்பா. நிஜத்துல எதிராளிக்கும் விருப்பம் வேணும். சந்தேகம் இருந்தா எங்ககிட்ட கேளு" என்று சொன்னால் போதும். திட்டினால் ஒளித்துப் பார்ப்பான். பேசினால் அடுத்த தடவை உங்களிடம் வருவான்.

* நிறுத்த முடியவில்லை, படிப்பு, தூக்கம், நண்பர்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிறான்... இப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பொதுவாக 12 மாதம் இந்த நிலை நீடித்தால் அதை 'விளையாட்டுக் கோளாறு' என்று 2019-ல் உலக சுகாதார அமைப்பு நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்காக 12 மாதம் காத்திருக்க வேண்டாம்!

அந்த அம்மாள் என்ன செய்தார் என்கிறீர்களா? ரெண்டு நாள் யோசித்துவிட்டு, பையன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "என்ன கதைடா இது? எனக்கும் சொல்லு" என்றாராம். பையன் தலையைக் குனிந்துகொண்டு தானே அதை அழித்துவிட்டான். மறுநாள் சாப்பிடும்போது மெதுவாக ஒரு கேள்வி கேட்டானாம். பதில் சொல்லத் தனக்கு வேர்த்துவிட்டது என்கிறார். ஆனாலும் சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் கேட்கும் பிறந்த தேதிக்கு யாரும் பொய் சொல்லலாம். பெற்றவளிடம் முடியுமா?