உருளும் நாட்கள் – 11: பத்து வருடம் கழித்து அந்தத் துண்டு கிடைக்குமா?

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் சட்டகத்தின் எடையைக் கேட்பார்கள், எத்தனை கியர் என்று கேட்பார்கள், பிறேக் கம்பியிலா எண்ணெயிலா என்று கேட்பார்கள். பின் ஹப்பில் இருக்கும் பெயரிங்கின் இலக்கம் என்ன என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கொழும்பில் இருக்கும் ஒருவர் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டது. கொள்ளுப்பிட்டியில் பெற்றோல் வரிசைகளை ஒட்டிக்கொண்டு கந்தோருக்குப் போகிறவர்கள் சைக்கிளில் போனார்கள். அந்த அவசரத்தில் கையில் அகப்பட்ட கியர் சைக்கிளை, கேட்ட விலைக்கு வாங்கியவர்கள் ஏராளம். பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து பெற்றோலும் வந்தது. சைக்கிள்கள் தொடர்மாடிப் படிக்கட்டுகளின் கீழே போய் நின்றன.

நின்ற இடம் கடற்கரை. காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையிலுள்ள வீடுகளில் உப்புக் காற்று புகாத மூலை கிடையாது. கேபிளின் உறைக்குள், செயினின் இணைப்புகளுக்குள், ஸ்போக் கம்பியின் நிப்பிளுக்குள் எல்லாம் அது வேலை செய்யும். ஓடாமல் நிற்கும் சைக்கிள் ஓடுகிற சைக்கிளைவிட விரைவாகக் கெடுவதற்கு இந்தக் கரையோரம் நல்ல சாட்சி. இப்போது அவற்றைத் திரும்ப எடுத்து ஓட விரும்புகிறவர்கள் திருத்துமிடங்களுக்கு வருகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டூப்ளிகேஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் இருக்கும் திருத்துமிடத்தில் ஒரு மாலை நின்றிருந்தேன். ஓர் இளைஞர் எட்டுக் கியர் ஷிப்டரோடு வந்தார். நெம்பை அழுத்தினால் கியர் விழவில்லை, வெறுமனே போய் வந்தது.

"வேற கடையில என்ன சொன்னாங்க தம்பி?"

"ஷிப்டர் போயிட்டுதாம், புதுசு போடணுமாம் நானா."

திருத்துகிறவர் பதில் சொல்லாமல் கேபிளைக் கழற்றி, சிறிய மூடியைத் திறந்து, உள்ளே டபிள்யூடி-40 தெளித்தார். பெருவிரலால் நெம்பை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில், ஆறி இறுகின பாகு போல ஒரு மஞ்சள் கசிவு வெளியே வந்தது. தொழிற்சாலையில் வைத்த கிரீஸ். மறுபடி தெளிப்பு, மறுபடி அழுத்தல். திடீரென்று 'டக்' என்றது. உள்ளே இருந்த பற்கொக்கி பிடித்துவிட்டது. "பாருங்க தம்பி, உள்ளுக்கு ஒண்ணும் ஒடையல்ல. கிரீஸ்தான் இறுகிட்டு." பழையது முழுவதும் கழுவிப் போனபின் மெல்லிய எண்ணெய் விட்டு மூடினார்.

அன்றைக்கு அது கிரீஸாக இருந்ததால் சரி. அந்தப் பற்கொக்கியே உடைந்திருந்தால் அதைத் தனியாக யாரும் விற்பதில்லை. முழு ஷிப்டரையும் வீசவேண்டியதுதான். எது திருந்தும், எது திருந்தாது என்பதைத் திருத்துகிறவரின் கைத்திறன் பாதிதான் தீர்மானிக்கிறது. மீதிப் பாதியை வடிவமைத்தவர் பல வருடம் முன்பே தீர்மானித்துவிட்டார்.

ஹப்பையே எடுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்றில் கப்பும் கோனும் நடுவே தனித்தனிக் குண்டுகளும் இருக்கும். திறந்து, கழுவி, கிரீஸ் வைத்து, கோனை இறுக்கிச் சரிபண்ணலாம். பராமரித்தால் நெடுங்காலம் ஓடும். ஆனால் உப்புநீர் புகுந்து கப்பின் ஓடுபாதை குழிவிழுந்தால் பெரும்பாலும் ஹப் முடிந்தது, ஏனென்றால் அந்தக் கப் ஹப் உடலோடு சேர்ந்தது. மற்ற வகையில் மூடிய பெயரிங் இருக்கும், அதன் ஓரத்தில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 28, அகலம் 7. உலகத்தில் யார் செய்தாலும் அதே அளவு. சைக்கிள் கடையில் இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கிறவரிடம் கேட்கலாம். பெயரிங் விற்கிறவருக்கு அது எந்த வண்டிக்கென்று தெரியவேண்டியதில்லை. ஹப் செய்த கொம்பனி நாளைக்கு மூடப்பட்டாலும் உங்கள் சில்லு சுற்றும். உப்புக் கரையில் வாழ்கிறவருக்கு நான் இந்த இரண்டாவது வகையைத்தான் சொல்லுவேன்.

பிறேக்கிலும் இதே கணக்குத்தான். டொட் திரவத்தில் ஓடும் பிறேக்குக்கு வாகன உதிரிப்பாகக் கடையில் திரவம் கிடைக்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் எங்கள் காலநிலையில் வருடத்துக்கொரு முறையாவது மாற்றவேண்டும். மினரல் எண்ணெயில் ஓடுவது ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் உரிய எண்ணெயைத் தேடவேண்டும். ஒன்றுக்குள் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். ஷிமானோ தன் கலிப்பருக்கான பிஸ்டனையும் சீலையும் தனியே விற்பதில்லை. கசிந்தால் கலிப்பரையே மாற்றவேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயரில் 1989இல் தொடங்கிய ஹோப் நிறுவனம் தன் பிறேக்குகளின் ஒவ்வொரு சீலையும் தனித்தனியாக விற்கிறது. விலை கூடியதுதான். ஆனாலும் இந்த விடயத்தில் அதை மெச்சாமல் இருக்க முடியாது.

முன் போர்க்கில்தான் கதை வேதனையாகிறது. ரொக்‌ஷொக்ஸ் தன் போர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறையும் முழுவதையும் 200 மணிநேரத்துக்கு ஒருமுறையும் பராமரிக்கச் சொல்கிறது. அதற்கான சீல்கள் 30, 32, 35 மில்லிமீற்றர் என்று காலின் விட்டத்துக்கேற்ப வேறுபடும். அவை கிடைக்காமல் கால் கீறிவிட்டால் போர்க்கை மாற்றவேண்டும். மாற்றலாம் என்று போனால், இன்றைய நல்ல போர்க்குகளின் கழுத்துக்குழாய் அடியில் ஒன்றரை அங்குலமாக விரிந்து மேலே ஒன்றே அரைக்கால் அங்குலமாகக் குறுகுகிறது. பழைய சட்டகத்தின் நேரான, ஒடுங்கிய தலைக்குழாய்க்குள் அது நுழையாது. சட்டகத்தில் ஒரு கீறல்கூட இல்லாத சைக்கிள் இப்படி ஒரு குழாயின் பருமனால் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மலைச் சைக்கிள் பிறந்து முப்பது வருடங்களுக்கு மேலாக 26 அங்குலச் சில்லுதான் வழக்கம். பிறகு 29 வந்தது, 27.5 வந்தது. பின் அச்சு 135 மில்லிமீற்றராக இருந்தது, 142 ஆனது, 2014இல் 148 வந்தது. பெரிய சில்லுக்கு அகன்ற ஹப் உறுதி கொடுக்கும் என்ற நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு மில்லிமீற்றருக்காக ஒரு தலைமுறை ஹப்புகளும் சட்டகங்களும் ஒன்றுக்கொன்று அந்நியமாகின. அமெரிக்காவில் இருப்பவருக்கு அது இணையத்தில் ஒரு தேடல். டொலரும் அனுமதியும் இல்லாத நாளில் இறக்குமதியை நம்பியிருக்கும் தீவுக்கு அது முற்றுப்புள்ளி.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் பற்றரியும் இல்லாத வருடங்களில் குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியையும் விறகையும் சைக்கிளில் கொண்டுபோனார்கள். டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அது எப்படி நடந்தது? மக்களின் விடாமுயற்சி பெரும் காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை: றலியோ லுமாலாவோ, பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒரு சைக்கிளின் பெடல் மற்றதுக்கு ஏறும், கொட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டிக் கழற்றலாம், உடைந்த சைக்கிள் ஒன்று ஓடுகிற பல சைக்கிள்களுக்கு உதிரிப்பாகக் களஞ்சியம். இன்றைய மலைச் சைக்கிள்களில் பத்தை ஓரிடத்தில் வைத்தாலும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றக்கூடியது எத்தனை?

சைக்கிள் செய்யாத நாடல்ல இது. பாணந்துறையின் சிற்றி சைக்கிள் நிறுவனம் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதி செய்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம், சீனச் சைக்கிள்களுக்கு விதித்த 48.5 வீத வரியை இலங்கையிலிருந்து போகும் சைக்கிள்களுக்கும் நீட்டியது. அந்த நிறுவனம் வழக்காடி 2015இலும் மேன்முறையீட்டில் 2017இலும் வென்றது. சைக்கிளைப் பொருத்தி முடிக்கும் திறன் இங்கே இருக்கிறது. கியரும் போர்க்கும் கடல் தாண்டித்தான் வரவேண்டும்.

நல்ல மாற்றங்களும் வருகின்றன. 2019இல் ஸ்ராம், பின் கியரை மாற்றும் டிரெயிலியரைச் சட்டகத்தோடு பிணைக்கும் காதுத் துண்டுக்கு ஒரே பொது வடிவத்தைக் கொண்டுவந்து மற்றச் சட்டகக்காரர்களும் பயன்படுத்த விட்டது. அதற்கு முன் அந்தச் சிறு அலுமினியத் துண்டு மொடலுக்கு மொடல் வேறு, நூற்றுக்கணக்கான வடிவங்கள். 2023இல் ஷிமானோ கொண்டுவந்த கியூஸ் வரிசையில் ஒன்பது, பத்து, பதினொரு கியர்கள் ஒரே கேபிள் இழுவையில் ஓடுகின்றன. கசெற் பழைய எச்ஜி ஹப்பிலேயே ஏறுகிறது. எடை கூடியது, ஆடம்பரமில்லாதது. கொழும்புக்கு ஏற்றது. ஐரோப்பா 2024இல் நிறைவேற்றிய பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் பற்றரிச் சைக்கிளைத் தொடுகிறது. காலால் மிதிக்கும் சைக்கிள் இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. ஏறவேண்டும்.

இங்கே இறக்குமதி செய்கிறவர்களிடம் கேட்கவேண்டியதும் உண்டு. ஒரு மொடலைக் கொண்டுவரும்போதே அதன் காதுத் துண்டு, போர்க் சீல், பிறேக் பட்டைகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து, எத்தனை வருடத்துக்கு வைத்திருப்போம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்கட்டும். டாம் வீதியில் கடை கடையாகக் கேட்டுப் பாருங்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் அது நடக்கும்.

அதுவரை, உங்கள் சைக்கிளில் காதுத் துண்டு பொது வடிவம் இல்லையென்றால், இப்போதே இரண்டு வாங்கி, ஒன்றை இருக்கையின் கீழ்ப் பையில் போட்டுவையுங்கள். விழுந்த இடத்தில் முதலில் வளைவது அதுதான். அந்த மொடல் நின்றுபோனால் முதலில் கிடைக்காமல் போவதும் அதுதான்.

(தொடரும்)