சாம்பல் இருந்த இடத்தில் பினாயில்

அம்மாச்சி வீட்டில் பாத்திரம் தேய்ப்பது கிணற்றடியில்தான். ஒரு கொட்டாங்குச்சியில் அடுப்புச் சாம்பல், தேங்காய் நார், ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை, சாமான் அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, புளிச்சக்கையில் கொஞ்சம் கல் உப்பைச் சேர்த்துத் தேய்ப்பார். கறுத்த பித்தளையில் அவர் விரல் போன வழியெல்லாம் மஞ்சள் கோடு விழும். களிம்பைக் கரைப்பது புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் என்பதும், சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்பைப்போல வேலை செய்கிறது என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. எதற்கும் காசு கிடையாது. பூனை அதே கிணற்றடியில் படுத்துக் கிடக்கும்.

கேஸ் அடுப்பு வந்தது, சாம்பல் போனது. அதன் இடத்துக்கு சபீனா வந்தது, பிறகு பார் சோப்பு. சாணி மெழுகிய மண் தரை சிமெண்ட் ஆகி, மொசைக் ஆகி, டைல்ஸ் ஆனது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். குனிந்து குனிந்து மெழுகிய பெண்களுக்குத்தான் அந்த இடுப்பு வலி தெரியும். ஆனால் டைல்ஸ் தரையோடு பினாயிலும் உள்ளே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசனை அடித்தால்தான் வீடு சுத்தம் என்று நம்பத் தொடங்கினோம்.

போன வருடம் ஒரு காலை, ஈரம் காயாத தரையில் நடந்துபோன எங்கள் பூனை மூலையில் உட்கார்ந்து பாதத்தை நக்கியது. கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. காலைக் கழுவித் துடைத்துவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டது. பூனை தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்கிறது. தரையில் நாம் ஊற்றுவதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போகிறது. பினால் வகை நஞ்சை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய் தாங்குவதைக்கூட அது தாங்காது. வெள்ளை பினாயிலில் சேர்க்கும் பைன் எண்ணெயும் அதற்கு ஆகாது.

இப்போது எங்கள் வீட்டில் அரை வாளித் தண்ணீருக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர். காய்ந்தால் வாசனை போய்விடும். பூனை மூத்திரம் போன இடத்தைப் பழைய துணியால் ஒற்றியெடுத்து, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, பிறகு ஆப்ப சோடா தூவிக் காயவிட்டுப் பெருக்குகிறேன். அங்கே ப்ளீச்சிங் பவுடர் போடவே கூடாது. மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலப்பதும் வீண். நுரை பொங்குமே தவிர, ஒன்றையொன்று முறித்துவிடும். சமையல் மேடை கடப்பாக்கல்லாக இருந்தால் வினிகர், எலுமிச்சை இரண்டும் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல்; புளிப்பு பட்டால் வெளுத்துப்போகும். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

இயற்கை என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் செடி கொடியிலிருந்து வருபவைதான், பூனைக்கு இரண்டும் விஷம். எலுமிச்சைத் தோல் எண்ணெயும் அப்படியே. வினிகர் அழுக்கை எடுக்குமே தவிர, எல்லாக் கிருமியையும் கொல்லாது. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் கிருமிநாசினி போடத்தான் வேண்டும். அன்றைக்குப் பூனையை வேறு அறையில் அடைத்துவிட்டு, துடைத்த இடத்தை நல்ல தண்ணீரால் இன்னொரு முறை அலசிவிடுங்கள்.

எதைப் போட்டுத் துடைத்தாலும் சரி, தரை முழுக்கக் காயும்வரை பூனையை உள்ளே விடாதீர்கள். துடைத்த வாளியையும் அதன் வாய்க்கு எட்டும்படி வைக்காதீர்கள்.