வீடு மாறிய பாங்கிக் கணக்கு! லட்சக்கணக்கான மக்கள் தவித்த கதை

இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்று ஒரு பாங்கி. 2018-ம் ஆண்டில் அதில் 52 லட்சம் பேர் கணக்கு வைத்து இருந்தார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் பலர் திடுக்கிட்டார்கள். தங்கள் பணத்தைத் தாங்களே பார்க்க முடியவில்லை! சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. டெலிபோன் செய்தவர்கள் வெகுநேரம் காத்துக் கிடந்தார்கள்.

கொள்ளையா? இல்லை. கணக்கு வீடு மாறியது. அவ்வளவுதான்!

குதிர் திறக்கவில்லை

கம்ப்யூட்டரில் கணக்குகள் தங்கும் இடத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். நெல் கொட்டி வைக்கும் குதிர் போன்றது அது.

டி.எஸ்.பி.யின் கணக்குகள் முன்பு லாயிட்ஸ் என்ற பாங்கியின் கம்ப்யூட்டர்களில் இருந்தன. அவற்றைப் புதிய கம்ப்யூட்டர்களுக்கு ஒரே வாரக் கடைசியில் மாற்றினார்கள்.

நெல் சிந்தாமல் வந்து சேர்ந்தது. ஆனால், புதுக் குதிரின் வாய்தான் சரியாகத் திறக்கவில்லை!

காரணம் என்ன? புதிய கம்ப்யூட்டர் நிலையங்கள் இரண்டு. கூட்டம் வந்தால் தாங்குமா என்ற சோதனையை ஒன்றில்தான் நடத்தினார்கள்.

நிலைமை சீராக டிசம்பர் ஆயிற்று. வாடிக்கைக்காரர்களுக்கு 3 கோடியே 27 லட்சம் பவுன் நஷ்டஈடு கொடுத்தார்கள். 2022-ல் அபராதம் வேறு: 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன்!

அக்காளா, தங்கையா?

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதவும் மொழிகள் உண்டு. ஜாவா 1995-ல் வந்தது. சி ஷார்ப் 2000-ல் வந்தது. இரண்டும் அக்காள், தங்கை போல. முகச்சாயல் ஒன்றே.

எதை எடுப்பது? இரண்டில் எது அழகு என்று சண்டை போட வேண்டாம். நம் ஆட்களுக்கு எது தெரியும்? நாளை பழுது பார்க்க ஆள் கிடைக்குமா? இதைப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் இதை அனுபவத்தில் கண்டது. 2020-ல் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவிப் பணம் கேட்டுக் குவிந்தார்கள். அரசாங்கக் கம்ப்யூட்டர்களோ பழையவை. அவற்றின் மொழி "கோபால்". ஆளின் பெயர் அல்ல; 1959-ல் உருவாகத் தொடங்கிய மொழி! "கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள்" என்று கவர்னரே அழைக்க வேண்டியதாயிற்று.

வீடு மாறுகிறவர்கள் என்ன செய்வார்கள்? அடுப்பு எரிகிறதா, கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்ப்பார்கள். பால் காய்ச்சுவார்கள். பிறகுதான் பழைய வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள்.

கம்ப்யூட்டருக்கும் அதே புத்திதான் வேண்டும்!