ஏறிய ஏணியை எட்டி உதைக்காத மூவர்

'கம்ப்யூட்டர்' என்றதும் மேசையில் இருக்கும் இயந்திரம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் அந்தச் சொல் ஒரு வேலையின் பெயராகவும் இருந்தது. நாள் முழுவதும் அமர்ந்து கணக்குச் செய்பவர்களை ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். தமிழில் 'கணிப்பாளர்' என்று சொல்லலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹம்டன் என்னும் நகரில் லாங்லி என்றொரு விமான ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே பொறியியலாளர்கள் விமானங்களைப் பரிசோதித்து அளவீடுகளை எடுப்பார்கள். அந்த எண்களைக் கணக்கிட்டு, வரைபாக்கிக் கொடுப்பது கணிப்பாளர்களின் வேலை. 1935 முதல் அந்த வேலைக்குப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள்.

இக்கட்டுரை அங்கே பணியாற்றிய டொரதி வோகன், கத்தரின் ஜோன்சன், மேரி ஜக்சன் ஆகிய மூன்று கறுப்பினப் பெண்களைப் பற்றியது. 2016 இல் இவர்களைப் பற்றி ஒரு நூலும் திரைப்படமும் வெளிவந்தன. விண்வெளிப் பயணங்களுக்கு இவர்கள் செய்த கணக்குகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. இம்மூவருமே முதலில் பாடசாலை ஆசிரியைகள். தொழில்நுட்பத்துறைக்குள் போன பின்னரும் ஆசிரியைக்குரிய அந்தக் குணம் அவர்களை விட்டுப் போகவில்லை. தான் முன்னேறும்போது இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போவது எப்படி என்பதை இவர்களிடம் பார்க்கலாம்.

டொரதி டீச்சர்

டொரதி வோகன் 1910 இல் பிறந்தவர். 19 வயதிலேயே பட்டம் பெற்றார். மேற்படிப்பைத் தொடரும்படி பல்கலைக்கழகத்தில் ஊக்குவித்தார்கள். ஆனால் அது அமெரிக்கா பெரும் பொருளாதார நெருக்கடியில் விழுந்த காலம். குடும்பத்துக்கு உதவ வேண்டியிருந்ததால் ஆசிரியை வேலையை ஏற்றுக்கொண்டார். 2022 ஆம் ஆண்டைக் கடந்து வந்த நமக்கு அந்த முடிவை யாரும் விளக்கத் தேவையில்லை.

1943 டிசம்பரில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, டொரதி லாங்லியில் சேர்ந்தார். போர் முடியும்வரை நீடிக்கும் தற்காலிக வேலை என்றே நினைத்திருந்தார். அன்றைய வர்ஜீனியாவில் இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்தது. கறுப்பினக் கணிப்பாளர்கள் 'மேற்குப் பகுதி' என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டார்கள். சாப்பிடும் மேசை வேறு, கழிவறையும் வேறு.

1949 இல் டொரதி அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்நிறுவனத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் மேற்பார்வையாளரானது அதுவே முதற்தடவை. எந்த வேலைக்கு யார் பொருத்தம் என்று பொறியியலாளர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். தகுதியுள்ள பெண்ணுக்குச் சம்பள உயர்வோ பதவி உயர்வோ கிடைக்காவிட்டால் டொரதி அவளுக்காகப் பேசுவார். வேறு பிரிவுகளில் இருந்த வெள்ளையினப் பெண்களுக்காகவும் அவர் பேசியிருக்கிறார்.

ஒரு மாணவிக்காக ஒரு பாடம்

கத்தரின் ஜோன்சனின் கதை அவருடைய பேராசிரியரிடமிருந்து தொடங்குகிறது. கல்லூரியில் கிளேட்டர் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். "நீ கணித ஆய்வாளராக வரலாம்" என்ற எண்ணத்தைக் கத்தரினின் மனதில் விதைத்தவர் அவர்தான். அதற்குத் தேவையான முப்பரிமாண வடிவியல் கல்லூரியின் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. அதனால் அதற்கென ஒரு பாடத்தையே அவர் உருவாக்கினார். வகுப்பில் இருந்த ஒரே மாணவி கத்தரின்தான்.

பட்டம் பெற்ற பின் கத்தரின் ஆசிரியையாக இருந்தார். 1953 இல் டொரதியின் பிரிவில் சேர்ந்தார். இரண்டு வாரங்களுக்குள்ளேயே அவரை விமானப் பறப்பு ஆய்வுப் பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்பிவைத்தார் டொரதி. மாதங்கள் கடந்தும் அங்கே கத்தரினின் பதவி நிரந்தரமாகவில்லை. டொரதி அந்தப் பிரிவின் தலைவரிடம் போய், ஒன்றில் கத்தரினுக்குச் சம்பளத்தை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் என்னிடமே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டார். கத்தரினுக்கு உயர்வும் கிடைத்தது, இடமும் நிரந்தரமானது. 1962 இல் ஜோன் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், கணினி தந்த எண்களைக் கத்தரின் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டது உலகம் அறிந்த செய்தி. அதற்கு முன்னால் டொரதி நடந்து போன அந்தச் சிறு தூரத்தைப் பலர் அறிய மாட்டார்கள்.

இயந்திரம் வந்தபோது

1950களில் ஓர் அறையையே நிரப்பும் மின்னணுக் கணினிகள் லாங்லிக்கு வந்து சேர்ந்தன. பல பெண்கள் நாட்கணக்காகச் செய்யும் கணக்கை அவை சிறிது நேரத்தில் செய்து முடித்தன. கணிப்பாளர்களின் வேலை இனி எத்தனை நாளைக்கு நீடிக்கும் என்ற கேள்வி எழுந்தது.

டொரதி அந்த இயந்திரத்தோடு சண்டை பிடிக்கவில்லை. அதற்குக் கட்டளை எழுதப் பயன்பட்ட 'ஃபோர்ட்ரான்' என்ற மொழியைக் கற்றுக்கொண்டார். அதில் நிபுணரானார். தான் கற்றதைத் தன்னோடு வேலை செய்த பெண்களுக்கும் கற்பித்தார். இயந்திரம் கணக்கைச் செய்யும், ஆனால் எந்தக் கணக்கை, எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பதை ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கணிதம் தெரிந்த அந்தப் பெண்களுக்கு அது முற்றிலும் அந்நியமான வேலையாக இருக்கவில்லை.

1958 இல் அந்நிறுவனம் நாசாவாக மாறியது. தனிப் பிரிவுகள் ஒழிக்கப்பட்டன. டொரதி புதிய கணிப்புப் பிரிவில் பணியைத் தொடர்ந்தார். ஆனால் இழந்த மேற்பார்வையாளர் பதவி போன்ற ஒன்று, 1971 இல் ஓய்வு பெறும்வரை அவருக்கு மீண்டும் கிடைக்கவேயில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது.

ஒரு படி இறங்கியவர்

மேரி ஜக்சன் 1951 இல் டொரதியின் பிரிவில் சேர்ந்தார். பின்னர் காற்றுச் சுரங்கத்தில் வேலை செய்தார். பெரிய குழாய் போன்ற அமைப்புக்குள் காற்றை அதிவேகத்தில் செலுத்தி, விமானத்தின் மாதிரி அதை எப்படித் தாங்குகிறது என்று பார்க்கும் இடம் அது. பொறியியலாளராகும்படி அவரைத் தூண்டியவர் அங்கிருந்த ஒரு மூத்த பொறியியலாளர். அதற்கான மாலை வகுப்புகள் வெள்ளையினப் பிள்ளைகளின் பாடசாலை ஒன்றில் நடந்தன. நகர நிர்வாகத்திடம் விசேட அனுமதி பெற்றுத்தான் மேரி அந்த வகுப்பறைக்குள் போனார். 1958 இல் நாசாவின் முதலாவது கறுப்பினப் பெண் பொறியியலாளரானார்.

1979 இல் அவர் எடுத்த முடிவுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பொறியியலாளர் பதவியை விட்டு, தரத்தில் ஒரு படி இறங்கி, பெண் ஊழியர்களின் முன்னேற்றத்துக்கான திட்டத்தின் முகாமையாளரானார். 1985 இல் ஓய்வு பெறும்வரை, மற்றப் பெண்கள் வேலையில் சேரவும் மேலே போகவும் அங்கிருந்து உழைத்தார். அவருடைய ஊரின் சனசமூக நிலையத்தில் பிள்ளைகள் தாங்களே ஒரு சிறிய காற்றுச் சுரங்கம் செய்வதற்கும் உதவியிருக்கிறார். இன்று வாஷிங்டனில் உள்ள நாசாவின் தலைமையகக் கட்டடம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

வழிகாட்டி என்பவர் யார்?

பாடத்தைக் கற்பிப்பவர் ஆசிரியர். வழிகாட்டி அதற்கு மேல் மூன்று காரியங்கள் செய்கிறார். இப்படி ஒரு பாதை இருக்கிறது என்று காட்டுகிறார், கிளேட்டர் செய்ததைப் போல. நாம் இல்லாத இடத்தில் நமக்காகப் பேசுகிறார், டொரதியைப் போல. தேவைப்பட்டால் தனக்குரியதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார், மேரியைப் போல. வழிகாட்டி பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு வாப்பாவும் நானாவும்கூட வழிகாட்டியாக இருக்கலாம்.

நம் வீடுகளில்

நான் கணிதப் பிரிவில் படிக்கிறேன். கணினி விஞ்ஞானம் கற்க வேண்டும் என்பது என் ஆசை. "பொம்புளப் புள்ளைக்கு டீச்சர் வேலைதான் தோது, ரெண்டு மணிக்கு வீட்ட வந்திரலாம்" என்பார் எங்கள் பெரியும்மா. வாப்பாவின் யோசனை வேறு. "செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதுதாமே மகள், நீ படிச்சு முடிக்கக்குள்ள வேலை இருக்குமா?" என்று கேட்பார். இரண்டுமே அன்பில் பிறந்த கேள்விகள்தான்.

பெரியும்மாவுக்கு என் பதில்: கற்பிப்பதும் தொழில்நுட்பமும் எதிரெதிர்த் திசையில் போகும் பாதைகள் அல்ல. இம்மூவரும் இரண்டையும் செய்தார்கள். வாப்பாவின் கேள்வி ஏறக்குறைய டொரதியின் முன் நின்ற அதே கேள்வி. கணிதத்தின் அடிப்படையை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, புதிய கருவியைப் பிறருக்கு முன்னால் கற்று, பிறருக்கும் கற்பித்தார் அவர். அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெற்றோர் உண்மையில் அறிய விரும்புவது இன்னும் சாதாரணமான விடயங்கள். விடுதி எப்படி? பஸ்ஸில் தனியாகப் போய் வரலாமா? தொழ இடம் இருக்கிறதா? இரவு வேலை உண்டா? இவற்றுக்குப் புத்தகத்தில் விடை இல்லை, போய் வந்தவர்தான் சொல்ல முடியும். நமது கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற ஒரு ராத்தா, இணைந்த கணிதத்தில் எனக்கு வரும் சந்தேகங்களுக்கு இஷாவுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். ஒரு நாள் அவரே வாப்பாவோடும் தொலைபேசியில் பேசினார். அதன் பிறகுதான் விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் போடலாம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் தொடங்கியது.

எங்கள் வகுப்பில் கணிதப் பிரிவில் இருப்பவர்கள் ஏழு பேர்தான். தரம் 11 இல் கணிதத்தில் கெட்டிக்காரத் தங்கைமார் அதைவிட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேட்க ஆளில்லாததால் அவர்களில் ஒருத்தியேனும் தனக்கு விருப்பமான பிரிவை விட்டுவிடக் கூடாது. அதனால் நாங்கள் ஏழு பேரும் ஒவ்வொரு புதன்கிழமையும் இடைவேளையில் நூலகத்தில் இருப்பதாக முடிவு செய்திருக்கிறோம். தங்கைமாரே, பாடத்தில் சந்தேகம் இருந்தாலும், எந்தப் பிரிவை எடுப்பது என்ற குழப்பம் இருந்தாலும் வாருங்கள். வரும்போது கணக்குக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.

தரம் 13, கணிதப் பிரிவு