கடற்பாசியும் அதன்மேல் வாழும் நுண்பாசியும்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பகுத்தனர் நம் முன்னோர். அந்நெய்தலின் நீருக்கடியில் இன்னொரு விளைநிலம் விரிந்து கிடப்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. 'பசுமை' என்பதன் அடியாகப் பிறந்தது 'பாசி' என்னும் சொல். எனினும் கடலிலே பச்சையோடு பழுப்பும் சிவப்புமான பாசிகளும் உள. இராமநாதபுரக் கடலோர மக்கள் இவற்றை மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி எனப் பெயரிட்டு வழங்குவர். முன்னிரண்டும் அகர் தருவன. பின்னிரண்டும் அல்ஜின் தருவன. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, இவற்றைப் பறித்து வாழும் பெண்கள் பலர்.

பாசிமேல் பாசி

கடற்பாசியின் கிளையொன்றை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினால், அதன்மேல் ஒரு சிற்றூரே குடியிருப்பது புலனாகும். அவற்றுள் தலையாயவை டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் நுண்பாசிகள். சிலிக்காவால் ஆன கண்ணாடி போன்ற ஓடுடைய இவை, பிசின் போன்ற பொருளைச் சுரந்து ஒட்டிக்கொள்கின்றன. நத்தைகளுக்கும் சிறு இறால்களுக்கும் இவையே மேய்ச்சல். அளவோடு இருக்கும்வரை இவற்றால் தீங்கில்லை. மிகுமாயின், கதிரொளியை மறைத்து, நீரிலுள்ள உரச்சத்து கடற்பாசியைச் சென்றடையாமல் தடுக்கும்.

சூழல் செய்யும் தீர்ப்பு

அளவும் மிகையும் சூழலைப் பொறுத்தவை. முதலாவது நீரோட்டம். ஓடும் நீர் சத்தைக் கொணர்வதோடு சேற்றையும் ஒட்டுயிர்களையும் கழுவிச் செல்லும். தேங்கிய நீரில் அவை படியும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்க, பாக் விரிகுடா அமைதியுறும். வாடைக்காலத்தில் இது தலைகீழாகும். எனவே பாசியின் பருவமும் கரைக்குக் கரை வேறுபடுகிறது.

இரண்டாவது மழைநீர். அது கடலின் உப்பைக் குறைப்பதோடு நைட்ரேட்டையும் சிலிக்கேட்டையும் கொணர்கிறது. சிலிக்கேட்டு டயாட்டங்களுக்கு ஓடு கட்டும் பொருள். ஆகவே பெருமழை, கடற்பாசியைத் தளர்த்தும் வேளையிலேயே அதன்மேல் வாழும் நுண்பாசியைத் தழைப்பிக்கவும் கூடும்.

மூன்றாவது வெப்பம். ஆயிரத்திற்கு 35 பங்கு அளவிலான கடலுப்பு 20 பங்காகத் தாழ்ந்தாலும், நீரின் வெப்பம் 33 பாகை செல்சியசை எட்டினாலும், காப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசியின் கிளைகள் வெளுத்து முறிகின்றன. தளர்ந்த உடலில் ஒட்டுயிர்கள் எளிதில் பெருகும்.

கண்கூடான பாடம்

இக்காப்பாபைகஸ் அயல்நாட்டுப் பாசி. 2000-க்குப் பின் பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் கட்டி, ஏறத்தாழ 45 நாளில் அறுவடை செய்யும் தொழிலாக இது வளர்ந்தது; மீனவப் பெண்கள் பலருக்குச் சொந்த வருவாய் தந்தது. 2013-14இல் கடல்வெப்பம் மிகுந்தபோது பாசி பெருமளவில் மடிந்தது, விளைச்சல் சரிந்தது, அவர்தம் அடுப்பும் தணிந்தது. மறுபுறம், இதே பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகளின்மேல் படர்ந்திருப்பது 2008இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. ஓரிடத்தில் மடியும் உயிரே பிறிதோரிடத்தில் பிற உயிரை மூடி அழிக்கிறது. இடத்தையும் பருவத்தையும் ஆராயாது பயிரிடல் தகாது என்பதே இதனால் நாம் பெறும் தெளிவு.

கடல் வெம்மையுற்று வரும் இந்நாளில், நீரின் வெப்பத்தையும் உப்பையும் தொடர்ந்து அளந்து, அவ்வளவுகளை மிதவை கட்டும் பெண்களுக்கு உடனுக்குடன் எளிய தமிழில் எட்டச் செய்வது கற்றவர் கடன். நுண்ணோக்கி காட்டும் செய்தி கரைக்கு வந்து சேர்ந்தால்தான் கல்வி பயனுடையதாகும்.